மஞ்சக்கண்ணாடியைத் துரத்திய காலை

லிஃப்ட் மெக்கானிக்குக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. மனைவி நூலக வேலைக்குக் கிளம்பிக் கதவைச் சாத்திய சத்தம் கேட்டதுதான் தாமதம், வேலைக்கு லீவு சொல்லியிருந்தவன், சட்டையைக்கூட மாட்டாமல் கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்தான். உட்கார்ந்தான், எழுந்தான், ஜன்னலைச் சாத்தினான், திறந்தான், மறுபடி உட்கார்ந்தான். பதினாலு மாடிக் கட்டடத்தின் உச்சியில் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்காக வேலை பார்க்கிறவனுக்கு நாற்காலியில் ஐந்து நிமிடம் உட்கார முடியவில்லை.

விஷயம் இதுதான். மனைவிக்கு இடது மார்பில் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி. ஊசி குத்திச் சதை எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்து இன்றோடு ஒன்பது நாள். நாலே நாளில் முடிவு வந்துவிடும் என்றார்கள். தினமும் கேட்கிறான். "இன்னும் வரலியாம்" என்கிறாள், அதுவும் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல். பரிசோதனைக் கூடத்துக்குப் போன் போட்டால், சம்பந்தப்பட்டவரிடம்தான் சொல்வோம் என்று வைத்துவிட்டார்கள். புருஷன் என்ன வழிப்போக்கனா?

அதனால் நேற்று அவள் குளிக்கப் போன சமயம் பார்த்து, கைப்பையிலிருந்த பரிசோதனைச் சீட்டை எடுத்து அதிலிருந்த எண்ணைக் குறித்துக்கொண்டான். எண்ணைப் போட்டால் முடிவை இணையத்திலேயே பார்க்கலாம் என்று சீட்டில் அச்சடித்திருந்தது. எண்ணை எழுதியவன், பதற்றத்தில் இணைய முகவரியை எழுதாமல் விட்டுவிட்டான். கெட்டிக்காரன்தான்!

சரி, பெயரைத் தேடினால் வந்துவிட்டுப் போகிறது என்று கூடத்தின் பெயரைத் தட்டினான். வந்தது பத்து நாளில் தொப்பை கரைக்கும் பொடி. மறுபடி தட்டினான். பாதி விலையில் திரைச்சீலை. இன்னொரு தடவை தட்டினால், 'வாழ்த்துகள், நீங்கள்தான் இன்றைய அதிர்ஷ்டசாலி!' மூலையில் அந்த மஞ்சள் பூதக்கண்ணாடிப் படம் பல்லிளித்துக்கொண்டிருந்தது.

இந்த மஞ்சக்கண்ணாடி என்கிற போலித் தேடுபொறி தானாக வந்து ஒட்டிக்கொண்டதில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் ஏதோ பழைய லிஃப்ட்டின் வயரிங் படத்தைத் திறக்க இணையத்திலிருந்து ஓர் இலவசச் சாமானை இறக்கினான். அது கேட்ட கேள்விக்கெல்லாம் படிக்காமலேயே 'சரி', 'சரி' என்று அமுக்கிக்கொண்டு போனான். தொழில் புத்தி அப்படி. லிஃப்ட்டில் சிவப்பு விளக்கு எரிந்தால் முதலில் பட்டனை அமுக்கு, யோசனையெல்லாம் அப்புறம். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதையாக, அன்றிலிருந்து வீட்டில் யார் எதைத் தேடினாலும் மஞ்சக்கண்ணாடிதான் வந்து நின்றது.

மனைவி கெஞ்சாத குறை. "ஏங்க, நான் ஒண்ணு கேட்டா அது வேற ஒண்ணு சொல்லுது. இதைக் கொஞ்சம் எடுத்து விடுங்களேன்" என்று எத்தனை தடவை சொன்னாள்! "ஞாயித்துக்கிழமை பாக்கலாம்" என்றே மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை ஓட்டிவிட்டான். நாலு நாளைக்கு முன்னால் அவளே, "அது கிடக்கட்டும், நீங்க கம்ப்யூட்டரைத் தொட வேணாம்" என்று சொன்னபோது, அப்பாடா, தொல்லை விட்டது என்றுதான் நினைத்தான்.

இப்போது வேறு வழியில்லை, மைத்துனனைக் கூப்பிட்டான். மனைவியின் தம்பி, கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் வேலை. லிஃப்ட் குழியில் இரண்டு நல்ல போன்களைத் தாரை வார்த்த பிறகு மெக்கானிக்கிடம் மிஞ்சியது ஒரு பட்டன் போன்தான். அதைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டான்.

"என்ன அத்தான், விடிஞ்சதும் விடியாததுமா?"

"மணி பத்தாச்சு மாப்ள. இந்த மஞ்சக்கண்ணாடி சனியனை ஒழிக்கணும். வழி சொல்லு."

"செட்டிங்ஸ் போங்க. அதுல தேடுபொறின்னு இருக்கும். மஞ்சக்கண்ணாடிக்குப் பக்கத்துல மூணு புள்ளி இருக்கா? அதை அமுக்கி எடுத்துடுங்க."

"எடுக்க விட மாட்டேங்குதுடா. எழுத்தெல்லாம் மங்கிக் கெடக்கு."

"அப்போ எக்ஸ்டென்ஷனா வந்து உக்காந்திருக்கு. வாசல்ல வெரட்டுனா கொல்லப்பக்கமா வருவான். அந்தப் பட்டியலைத் திறங்க."

திறந்தான். பட்டியலில் அதே மஞ்சள் மூஞ்சி. நீக்கு என்பதை அமுக்கினான். 'உண்மையிலேயே எங்களைப் பிரிய விரும்புகிறீர்களா?' என்று கேட்டது. என்ன தைரியம் பாருங்கள்! "ஆமாடா நாயே" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அமுக்கினான். பிறகு மைத்துனன் சொன்னபடி, அந்த இலவசச் சாமானையும் கம்ப்யூட்டரிலிருந்தே வேரோடு பிடுங்கிப் போட்டான். பழைய தேடுபொறியை முதன்மையாக வைத்து, மூடித் திறந்தான். மஞ்சக்கண்ணாடி இல்லை. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டான்.

"அவ்ளோதான் அத்தான். ஆமா, இன்னிக்கு என்ன இவ்ளோ அவசரம்?"

"ஒங்கக்கா ரிசல்ட்டைப் பாக்கணும். நம்பர் வெச்சிருக்கேன்."

வாயாடிப் பயல், இப்போது வார்த்தையைப் பொறுக்கிப் பொறுக்கிப் பேசினான்.

"அது... அக்காவே பாத்துக்கும் அத்தான். நீங்க ஒண்ணு பண்ணுங்க, ஹிஸ்டரியை அழிச்சிடுங்க. அதைத் திறந்ததும் அழிக்கிற பட்டன் இருக்கும். ஒண்ணையும் படிக்காதீங்க, நேரா அமுக்குங்க."

"ஏன் படிக்கக் கூடாது?"

"எல்லாம் குப்பை அத்தான். அழிச்சாத்தான் சுத்தமாகும்."

வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவன் பட்டனை அமுக்கவில்லை. படித்தான்.

ஐந்து நாளைக்கு முன்னால், மதியம் இரண்டு இருபதுக்கு, அந்தப் பரிசோதனைக் கூடத்தின் பக்கம் திறக்கப்பட்டிருந்தது. அவன் வேலையில் இருந்த நேரம். சீட்டிலிருந்த முகவரியை அவள் பார்த்துப் பார்த்து அடித்திருக்கிறாள். அதற்குப் பிறகு வரிசையாக அவள் தேடியவை. 'மார்பகப் புற்றுநோய் கிரேடு இரண்டு என்றால் என்ன.' 'அறுவைக்குப் பிறகு எப்போது வேலைக்குப் போகலாம்.' 'கணவரிடம் எப்படிச் சொல்வது.' அதற்கு அடுத்த வரியில், அவளை மஞ்சக்கண்ணாடி கூட்டிப்போன இடம்: தொப்பை கரைக்கும் பொடி.

மறுபடி கேட்டிருக்கிறாள். 'நெஞ்சு வலி வந்த கணவரிடம் கெட்ட செய்தி சொல்வது எப்படி.' திரைச்சீலை. 'ஸ்டென்ட் வைத்தவர் அதிர்ச்சி தாங்குவாரா.' அதிர்ஷ்டசாலி. போன வருடம் லிஃப்ட்டின் மெஷின் ரூமிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவன் அவன். ஐந்து நாளில் பதினோரு தடவை, வார்த்தையை மாற்றி மாற்றி, ஒரே கேள்வி. யார் எந்தப் புத்தகத்தைக் கேட்டாலும் ஒரே நிமிடத்தில் எடுத்துக் கொடுக்கிறவள் அவள். அவளுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்ல ஆளில்லை. இவன் 'சரி' சொல்லி உள்ளே விட்ட தரித்திரம்தான் அவளுக்குப் பதில் சொல்லியிருக்கிறது.

"அத்தான்? அழிச்சிட்டீங்களா?"

"ஒனக்குத் தெரியுமாடா?"

பையன் அழுதுவிட்டான். "அக்கா சத்தியம் வாங்கிடுச்சு அத்தான். ஒங்க நெஞ்சு தாங்காதுன்னு... நாளைக்கு டாக்டர்கிட்ட நான்தான் கூட்டிட்டுப் போறதா இருந்தேன்."

"நீ கடையைப் பாரு. நான் கூட்டிட்டுப் போறேன்."

போனை வைத்தான். கூடத்தின் பெயரைத் தட்டிப் பார்த்தான். இப்போது முதல் வரியிலேயே சமர்த்தாக வந்து நின்றது. எண் எழுதிய தாள் கையில் இருந்தது. காலையிலிருந்து எதற்காகத் துடித்தானோ, அது ஒரு சொடுக்குத் தூரத்தில். அவன் தாளைக் கசக்கிப் போட்டான். அவள் வாயால் கேட்க வேண்டியதைத் திருட்டுத்தனமாகப் பார்க்க அவனுக்கு வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது, பொய் சொல்வானேன். அறைக்கும் வாசலுக்குமாக நடந்தான். சட்டையை மாட்டினான். சாப்பிடத் தோன்றவில்லை.

அரைநாள் வேலை முடிந்து ஒன்றரை மணிக்கு அவள் வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே ஒளிர்ந்துகொண்டிருந்த திரையைப் பார்த்துவிட்டாள். முகம் வெளிறிப் போனது.

"அதைத் தொட வேணாம்னு சொன்னேனே. எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டேன். நீ சொன்ன அன்னிக்கே எடுத்திருக்கணும்."

பையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். அவன் எழுந்து போய் அதை வாங்கிக் கீழே வைத்தான்.

"என்கிட்ட சொல்றதுக்கு எதுக்குடி ஊரு உலகத்தையெல்லாம் வழி கேட்டுட்டு இருந்த?"

"ஏங்க, உங்க நெஞ்சு..."

"அது கெடக்கு. பதினோரு தடவை கேட்டியே, அதுகிட்ட பதில் இல்ல. நான் இருக்கேன். இங்க உக்காரு. ஒண்ணு விடாம சொல்லு."