கந்தோருக்குள் வந்த கடல்

நானாட்டானில் இருந்த வாகனக் கொம்பனியின் கந்தோருக்குள் கடல் முதன்முதலாக வந்தது பெரிய வெள்ளிக்கு முந்தின தபசு காலத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், மனேச்சர் தனஞ்சயன் மத்தியானச் சோற்றுப் பார்சலை அவிழ்த்துக்கொண்டிருந்த நேரத்தில். முதலில் கணுக்கால் அளவு வந்தது, பிறகு முழங்கால் அளவுக்கு ஏறியது. குழாய் வெடித்துவிட்டதென்று நினைத்து அவன் காவலாளியைக் கூப்பிட்டான். காவலாளி வந்து பார்த்துவிட்டு, குழாய்க்குள்ளால் தண்ணீர் வரும், சூடை மீன் வராது என்று சொன்னான். வெளியே அறுவடை முடிந்த வயல்கள் காய்ந்து கிடந்தன. படலை திறந்துதான் இருந்தது, ஆனாலும் கொம்பனியின் மதிலுக்கு அப்பால் ஒரு சொட்டு ஈரம் இல்லை. பின்னேரம், அங்கே மன்னார்த் தீவில் கீரிக் கடற்கரை வற்றுகிற நேரத்துக்கு, இங்கேயும் வற்றியது. மேசைக்குக் கீழே மணலும், கொஞ்சம் கடற்புல்லும், ஒரு நண்டுப் பொந்தும் மிஞ்சின. அடுத்த நாள் கடல் பெருகிற நேரத்துக்கு மறுபடியும் வந்தது. அந்தக் கிழமை நானாட்டானில் கத்தரிக்காய் மலிவாக இருந்தது.

இது ஏன் நடந்தது என்று கேட்டால், ஊரில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கீரியில் பெற்றிசியா என்றொரு பெண் இருந்தாள். அவளுடைய புருசன் மில்ரன் கடற்தொழில். வாகன இறக்குமதியை அரசாங்கம் நிறுத்துவதற்குக் கொஞ்ச நாள் முந்தி, தன் தாலிக்கொடியைத் தவிர மற்ற நகைகளையும், மில்ரனின் இரண்டாவது வள்ளத்தையும் விற்று, மிச்சத்துக்கு லீசிங் கடன் போட்டு, அந்தக் கொம்பனியில் ஒரு புது வான் எடுத்தாள். சாரதியும் அவள்தான். கல்யாணம், ஆஸ்பத்திரி, மடு மாதா கோயில் திருவிழா என்று வாடகைக்கு ஹயர் ஓடி வீட்டைப் பார்த்தாள், மகள் அஞ்சலாவைப் படிப்பித்தாள். ஊரே கடலில் நனைந்து எழும்புகிற இடத்தில் தன் வானுக்கு அவள் ஒரு சட்டம் வைத்திருந்தாள். ஈரத்தோடு எவரும் ஏறக்கூடாது. தொழிலால் வருகிற மில்ரன் கூட, நனைந்த சாரத்தோடு தெருவில் நடந்துதான் வரவேண்டும். அவள் பக்கத்தால் ஹோர்ன் அடித்துக்கொண்டு போவாள். பெற்றிசியாவின் வானில் ஏறுவதென்றால் முதலில் கருவாட்டோடு சேர்ந்து வெயிலில் காயவேண்டும் என்று ஊரார் பகிடி பண்ணினார்கள். அவள் அதைக் கேட்டுச் சிரித்தாளே தவிர சட்டத்தை மாற்றவில்லை. வெயில் காலத்தில் அந்த வானுக்குள் புது றெக்சின் மணம்தான் மணக்கும். கீரியில் வேறெந்த வாகனத்தைப் பற்றியும் அப்படிச் சொல்ல முடியாது.

வான் பழுதாகி நின்றது தள்ளாடிச் சந்திக்குக் கிட்ட, மடுவுக்கு நேர்த்தி வைக்கப் போன ஒரு குடும்பத்தோடு. எஞ்சின் ஒரு தரம் இருமியது, அவ்வளவுதான். அவர்கள் பஸ் பிடித்துப் போனார்கள். வானை ஒரு உழவு மெசின் நானாட்டானுக்கு இழுத்துக்கொண்டு போனது. பெற்றிசியா கவலைப்படவில்லை. வொறண்டிக் காலம் முடிய இன்னும் ஒரு வருசம் இருந்தது. எஞ்சினை நடத்துகிற மின்பெட்டி பழுது என்றார்கள், அதன் மூடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது என்றும் சொன்னார்கள். மன்னாரில் உப்புப் பூக்காத சாமான் எது? கதவுப் பிணைச்சல், தையல் மெசின், கோயில் மணியின் சங்கிலி எல்லாவற்றிலும் பூக்கும். அங்கே காற்றே உப்புத்தான். அதைத் தெரிந்துகொண்டுதான் கொம்பனியும் தீவாருக்கு வாகனம் விற்றது. ஆனால் அந்தப் பெட்டி அப்போது நாட்டிலேயே இல்லை. வெளியிலிருந்து தருவிப்பதென்றால் ஒரு பிளாஸ்ரிக் வள்ளத்தின் விலை. தனஞ்சயன் கெட்டவன் என்று சொல்ல முடியாது. கெட்டிக்காரன். கெட்டிக்காரர்களால்தான் இந்த உலகத்தில் பாதித் தொல்லை.

அவன் பெற்றிசியாவைக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, அன்பாகத்தான் கேட்டான்.

"அம்மா, எப்பவாவது எஞ்சினுக்குள்ள தண்ணி பட்டதோ? யோசிச்சுச் சொல்லுங்கோ."

பெற்றிசியா யோசித்தாள். பொய் சொல்ல அவளுக்குத் தேவை இருக்கவில்லை.

"வான் எடுத்த அண்டைக்குக் கோயிலடிக்கு மந்திரிக்கக் கொண்டுபோனனான். பொனற்றையும் திறந்து விட்டனான், எஞ்சினுக்கும் படட்டும் எண்டு. பாதர் தீர்த்தம் தெளிச்சவர்."

"அந்தத் தீர்த்தத்தில உப்பு இருக்குமோ?"

"ஓம். மந்திரிச்ச உப்புப் போடுறவை."

தனஞ்சயன் தலையை ஆட்டிவிட்டு எழுதினான். வாகனத்தினுள் கடல்நீர் ஏறியுள்ளது, ஆகவே வொறண்டி செல்லாது. எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, அவளிடம் நீட்டினான்.

அவள் அதை வாசித்தபோது முதலில் வந்தது கோபமில்லை, வெட்கம். ஈரக் கால் படாமல் பார்த்த வானுக்குள் கடல் ஏறியதாமே. பிறகுதான் கோபம் வந்தது. வந்த கோபம் திரும்பிப் போகவில்லை. காசைப் பற்றி அவள் பேசவே இல்லை. "திருத்திற கதையைப் பிறகு பாப்பம்," என்றாள். "முதல்ல கடல் ஏறினதெண்டு எழுதினதை வெட்டுங்கோ." எழுதியது எழுதியதுதான் என்றான் அவன். அவள் அடுத்த கிழமையும் போனாள், அதற்கடுத்த கிழமையும் போனாள். கவுண்டரில் இருந்த டிலோஜினி என்ற பிள்ளை அவளைக் கண்டதும் தண்ணீர்ப் போத்தலை எடுத்து நீட்டப் பழகிவிட்டாள். அதற்குள் கதை தீவுக்குள் பரவிவிட்டது. பெற்றிசியா கள்ளமாக மீன் ஏற்றினவளாம், வானைக் கடலுக்குள் இறக்கிக் கழுவினவளாம் என்று, முந்திப் பகிடி பண்ணின அதே வாய்கள் இப்போது சந்தோசமாகச் சொல்லின. லீசிங்காரர் வீடு தேடி வந்து நின்றார்கள். அஞ்சலா ரியூசனை நிற்பாட்டினாள். அந்த ஒற்றை வரியால் தன்னுடைய பிழைப்பும் பேரும் சேர்ந்து போனதை நினைத்து நினைத்துப் பெற்றிசியாவுக்கு நித்திரையே இல்லாமல் போனது.

தபசு காலத்து முதல் வெள்ளிக்கிழமை அவள் பஸ் ஏறி மடுவுக்குப் போனாள். வானைத் திருத்தித் தரும்படி அவள் கேட்கவில்லை. மாதாவுக்கு முன்னால் முழந்தாளில் நின்று, பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கும்படியாகவே மன்றாடினாள். "தாயே, அந்த மனுசன் எழுதினது பொய்யாப் போகக் கூடாது. அதை உண்மையாக்கித் தாரும்." பிறகு, பாம்புக் கடிக்கும் காய்ச்சலுக்கும் சனங்கள் அள்ளிக்கொண்டு போகிற மடு மண்ணில் ஒரு பிடியை முந்தானையில் முடிந்துகொண்டு, நேரே நானாட்டானுக்கு வந்து, கொம்பனியின் படலையில் நின்று உள்ளே தூற்றினாள். வயிறெரிந்தவர்கள் மண் தூற்றுவது புதுசில்லை. மடு மண்ணைத் தூற்றினவள் அவளுக்கு முந்தி யாரும் இல்லை. பங்குத்தந்தை பின்னால் அவளைக் கூப்பிட்டுக் கண்டித்தார். தான் கெடுதி எதுவும் கேட்கவில்லை, உண்மையைத்தான் கேட்டதாக அவள் சொன்னாள். கடல் வந்தது அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை.

தனஞ்சயன் முதலில் மேசையை மேல்மாடிக்கு மாற்றினான். கடலும் மாடிப்படியில் ஏறிப்போய் அங்கே முழங்கால் அளவுக்கு நின்றது. அவன் லீவு போட்டு வீட்டில் இருந்த நாட்களில், பெருகிற நேரத்துக்கு அவனுடைய காற்சட்டை தானாகவே முழங்கால் வரை நனைந்தது. கழற்றிக் காயப் போட்டு வேறொன்றைப் போட்டால் அதுவும் நனைந்தது. ஷோறூமில் நின்ற வாகனங்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாக உப்புப் பூத்தது. அவற்றைப் பொறுப்பெடுக்கும்படி அவன் தலைமைக் கந்தோருக்கு எழுதினான். கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் வந்து, சப்பாத்தைக் கழற்றி, விரலைத் தண்ணீரில் தோய்த்து நக்கிப் பார்த்துவிட்டுப் போனார். கிழமை முடிவில் பதில் வந்தது. வாகனங்களினுள் கடல்நீர் ஏறியுள்ளது, ஆகவே வொறண்டி செல்லாது. டிலோஜினி அதை உரத்து வாசிக்கும்போது சிரிப்பை அடக்கக் கஷ்டப்பட்டாள்.

எல்லாவற்றிலும் கொடுமை, கொம்பனியின் பின்வளவில் கிடந்த பெற்றிசியாவின் வான்தான். கடல் மதில் வரைக்கும் நிறைந்து நின்றபோதும் அந்த வானைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்கு நிலம் காய்ந்து கிடந்தது. தண்ணீர் அதற்குக் கிட்ட வந்து, மரியாதையாக விலகிப் போனது. நானாட்டான் சனம் மதிலில் ஏறி நின்று அதைப் பார்த்தது. கீரியிலிருந்தும் ஆட்கள் வந்து பார்த்தார்கள். மீன் ஏற்றினவள் என்று சொன்ன வாய்கள் மூடிக்கொண்டன. பெற்றிசியாவும் வந்தாள். ஒரு பிளாஸ்ரிக் கதிரையைக் கொண்டுவந்து எதிர்ப் பக்க மரநிழலில் போட்டுக்கொண்டு, மனேச்சர் காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு கோப்புகளைத் தலையில் சுமப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது இனித்தது. அதை அவள் ஒளிக்கவில்லை.

மில்ரன் இளகின மனுசன். "போதும் பெற்றிசியா, அவனும் பிள்ளைகுட்டிக்காரன்," என்று ஒருநாள் சொன்னான்.

"எனக்கும் ஒரு பிள்ளை இருக்கு. அவர் எழுதேக்க யோசிச்சவரோ?" என்று அவள் கேட்டாள்.

அந்த வருசம் எரிபொருள் இல்லாமல் போனது. மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் ஏறிக் கிடந்தன. மனிதர்கள் நாள்கணக்காக வரிசையில் நின்று வரிசையிலேயே நித்திரை கொண்டார்கள். அப்போதுதான் மில்ரன் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு சைக்கிளில் நானாட்டானுக்குப் போனான். கந்தோருக்குள் போக எஞ்சின் தேவையில்லை. சூடையும் ஓரா மீனும் மேசைகளுக்கு இடையில் வலையில் பட்டன, கோப்பு அலுமாரிக்குள் நல்ல இறால் இருந்தது. காவலாளி முதலில் தடுத்துப் பார்த்தான், பிறகு பங்கு வாங்கிக்கொண்டு விட்டுவிட்டான். கறிக்கு வழியில்லாமல் இருந்த வயற்காரர்கள் படலையில் பானையோடு நின்றார்கள். பருப்பின் விலை ஏறி நின்ற காலம் அது. அந்த மீன் எங்கிருந்து வந்தது என்ற நியாயத்தை யாரும் கேட்கவில்லை.

கடைசியில் தனஞ்சயன் கீரிக்கு வந்தான். வெள்ளை நிறத்தில் புதுக் கடிதம் ஒன்று அவன் கையில் இருந்தது. முற்றத்தில் நின்றுகொண்டே நீட்டினான். காற்சட்டையிலிருந்து தண்ணீர் மணலில் சொட்டியது.

"அம்மா, கடல் ஏறேல்லை எண்டு எழுதிக் கொண்டு வந்திருக்கிறன். கையெழுத்தும் போட்டிருக்கு. வானையும் நாங்களே திருத்தித் தாறம்."

பெற்றிசியா கடிதத்தை ஆறுதலாக வாசித்தாள். வாசித்து முடித்து அவனிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"வானைத் திருத்தித் தாங்கோ. அது நீங்கள் செய்யவேண்டிய வேலை. ஆனால் இந்தக் கடிதம் எனக்கு வேண்டாம். இதுதான் இப்ப பொய். உங்கட கந்தோர் முழுக்கக் கடல் நிக்குது. முந்தி எழுதினதே சரி."

"நீங்கள் ஒருக்கா மடுவுக்குப் போய், போதும் எண்டு கேட்டால்..."

"மாதாவிட்டப் பாரம் குடுத்த வழக்கைத் திருப்பிக் கேக்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை."

அவள் உள்ளே போய்க் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டாள். கதவுக்குப் பின்னால் நின்று, இந்த ஒரு நாளுக்காகத்தான் இவ்வளவு காலமும் சாப்பிட்டு உயிர் வைத்திருந்ததாக நினைத்தாள். அதன் பிறகு அவளுக்கு நல்ல நித்திரை வந்தது.

பெட்டி எங்கிருந்தோ வந்து சேர்ந்தது, வான் ஓடத் தொடங்கியது. லீசிங்காரர் வருவதை நிற்பாட்டினார்கள், அஞ்சலா திரும்பவும் ரியூசனுக்குப் போனாள். கொம்பனி நானாட்டான் கிளையை மூடிவிட்டது. கட்டடத்தை வாங்க ஆள் இல்லை. இப்போது எந்தக் குடும்பம் எந்த நாளில் அதற்குள் வலை போடுவதென்று மீனவர் சங்கமும் கமக்காரர் அமைப்பும் பேசி ஒழுங்கு பண்ணியிருக்கின்றன. கந்தோர் இறால் என்றால் சந்தையில் கொஞ்சம் கூட விலை போகும், மேல்மாடியில் பிடித்தது என்றால் இன்னும் கூட.

போன ஆவணித் திருவிழாவுக்குப் பெற்றிசியா ஆட்களை ஏற்றிக்கொண்டு மடுவுக்குப் போகையில், மடு வீதியில் ஒரு பஸ் பழுதாகி நின்றது. இறங்கி நின்ற சனம் கைகாட்டியது. வானுக்குள் இடம் இருந்தது. அவள் நிற்பாட்டி, ஒவ்வொருவராக ஏற்றினாள். கடைசியாக, கையில் மெழுகுதிரிக் கட்டோடு, தனஞ்சயன் வந்து கதவடியில் நின்றான். மெலிந்து போயிருந்தான். எங்கே போகிறான், எதைக் கேட்கப் போகிறான் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் அவனுடைய முகத்தைப் பார்க்கவில்லை, கால்களைப் பார்த்தாள். காற்சட்டை முழங்கால் வரை நனைந்திருந்தது. தார் வீதியில் அவனைச் சுற்றித் தண்ணீர் கட்டி நின்றது, அதற்குள் ஒரு சின்ன நண்டு ஊர்ந்தது.

"ஈரத்தோட ஏறேலாது தம்பி," என்றாள் பெற்றிசியா. "கடல் தண்ணி. வான் பழுதாப்போகும், பிறகு வொறண்டியும் தரமாட்டினம்."

கதவைச் சாத்திக்கொண்டு வானை எடுத்தாள். கண்ணாடியில் அவன் நடக்கத் தொடங்குவது தெரிந்தது. அவனுக்குப் பின்னால் செபமாலை சொல்லிக்கொண்டு கால்நடையாக வந்த யாத்திரிகர்கள், வீதியில் கிடந்த கடலைச் சுற்றிக் கடந்து போனார்கள்.