ஒரே பாறையில் காய்ந்தது

விடிவதற்குள் மூன்று கோதுமை மூட்டைகளையும் காயப்போட்ட பாறையிலிருந்து மேலே சாலைக்கு ஏற்றிவிட வேண்டும். வீரம்மாள் இரண்டாவது மூட்டையை முதுகில் சுமந்துகொண்டு வயற்படிகளில் ஏறினாள். மூடுபனியில் அடுத்த படியே தெரியவில்லை, காலால் தடவித்தான் ஏற வேண்டியிருந்தது. சம்பாக் கோதுமை லேசில் உமியை விடாது. உமியோடுதான் மூட்டை கட்டுவார்கள். அந்த உமிமுனை சாக்கைத் துளைத்துக்கொண்டு பிடரியில் முள்ளாகக் குத்தியது.

பாதி வழியில் அவள் வயல். போன வாரத்து மழையில் கீழ்ப்பக்கத்துக் கல்கட்டு சரிந்து ஓடைக்குள் கிடந்தது. ஐப்பசி மழைக்குள் அதைத் தூக்கிக் கட்டாவிட்டால் மண்ணும் பின்னாலேயே போய்விடும். புருஷன் போனபின் அவளுக்கென்று இருப்பது அந்த ஒரு வயல்தான். கொத்தனார் கூலிக்கு இந்த மூன்று மூட்டைகளைத்தான் நம்பியிருந்தாள்.

சாலையோரத்தில் நல்லுசாமி நின்றான், கொழுந்தன் முறை. மூட்டையைத் தாங்கி இறக்கினான்.

"மதினி, நேத்துச் சொன்னத யோசிச்சீங்களா? நம்ம கவுஞ்சி ஊருக் கோதுமை மொத்தத்தையும் ஒண்ணாச் சேத்து ஒரே விலை கேப்போம். குடுக்காட்டி, பொதிக்குதிரையில ஏத்திப் பழனிக்கே எறக்கிருவோம்."

"யோசிச்சேன் தம்பி. நீங்க சொல்றது தப்புன்னு நான் சொல்லல. ஆனா குதிரைப் பாதையில ரெண்டு ஓடை கெடக்கு. நனைஞ்சா அம்புட்டும் மொளைச்சுப் போகும். ஞானவேல் மொதலாளி வெதை குடுக்குறாரு, லாரி அனுப்புறாரு. எனக்கு வெலையில ஒரு கொறையும் வைக்கலையே."

"உங்களுக்கு வைக்கல, சரி. போன தடவை நாங்க என்ன வெலைக்குப் போட்டோம்னு தெரியுமா?"

"நீங்களாச் சொன்னாத்தானே தெரியும்."

நல்லுசாமி மூட்டையின் கட்டை இழுத்து இறுக்கினான்.

அவனால் எப்படிச் சொல்ல முடியும்? மாட்டுச் சந்தை வழக்கம் மலையேறிக் கோதுமைக்கும் வந்திருந்தது. துண்டைப் போர்த்தி, அதன் அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். வாங்கியவனுக்கும் விற்றவனுக்கும் மட்டும்தான் அது தெரியும். வெளியில் சொல்வது மானக்கேடு. வீரம்மாளுக்கு மட்டும் விதிவிலக்கு. பெண்பிள்ளை கையைப் பிடிக்கலாமா? அதனால் ஞானவேல் அவள் விலையை ஊரே கேட்கும்படி வாயால் சொல்லிவிடுவார். பெரிய மரியாதைதான் போங்கள்.

ஏழு மணிக்கு லாரி வந்தது. பெருமாள்மலையில் கடை வைத்திருக்கும் ஞானவேல், காதைச் சுற்றிய மப்ளரோடு இறங்கினார்.

"வீரம்மாளுக்கு மூட்டை நூறு. அடுத்தது யாரப்பா?"

அடுத்தவர் அடைக்கலம். துண்டுக்குள் கை போனது, வந்தது. மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். சந்தோஷத்தில் இருந்த வீரம்மாள் அதைக் கவனிக்கவில்லை.

"அண்ணே, நாளைக்குக் கொத்தனாரு வாராரு. கல்லு தூக்க ஒரு கை குடுப்பீகளா?"

"இல்ல தாயி. வெள்ளனே பெரும்பாறை எஸ்டேட்டுக்குக் கூலிக்குப் போறேன். இந்த வெலைக்கு அடுப்பெரியாது."

"என்ன வெலை?"

யாரும் யாரிடமும் கேட்கக் கூடாத கேள்வி. சுற்றி நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"என் கோதுமையில ஈரம் கெடக்காம்," என்றார் அடைக்கலம், தொண்டைக்குள்ளேயே.

வீரம்மாளுக்குத் திக்கென்றது. நேற்று அவர்கள் இருவரும் ஒரே பாறையில்தான் காயப்போட்டார்கள். காற்றில் இரண்டு குவியலும் கலந்துபோய், சிரித்துக்கொண்டே மரக்காலால் அளந்து பிரித்துக்கொண்டார்கள்.

"ஒரே பாறையில காஞ்சதுண்ணே. உங்க சாக்குக்குள்ள போனதும் நனைஞ்சிருச்சா?"

அடைக்கலம் குனிந்த தலையை நிமிர்த்தினார். பிறகு, "எம்பது," என்றார்.

"போன தடவை எனக்கும் எம்பதுதான். கல்லு கெடக்குன்னாரு," என்றான் நல்லுசாமி.

"எனக்கு எழுவத்தஞ்சு," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அட பாவமே! ஒரு பொம்பளைக்குக் கிடைத்த விலை தனக்குக் கிடைக்கவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, ஒவ்வொருவனும் தன் கோதுமையைத்தான் பழித்துக்கொண்டிருந்தான். மூன்று மூட்டைக்குக் கூட்டிக் கொடுத்து நாற்பது மூட்டைக்குக் குறைத்துக்கொண்டார் ஞானவேல்.

"உனக்குக் கூடுதலாத்தான போட்டிருக்கேன் வீரம்மா? உனக்கெதுக்கு இந்த வம்பு?"

"அந்தக் கூடுதல்தான் தொண்டையில நிக்குது மொதலாளி. நானும் வெள்ளாமை செய்றவதான். ஒண்ணு, என் கையையும் துண்டுக்குள்ள பிடிங்க. இல்ல, எல்லாருக்கும் வாயாலயே சொல்லுங்க."

வடுப்பட்ட கையை நீட்டினாள். ஞானவேல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"மழை இந்தா வருது. இருக்கறது ஒரே ரோடு, அதுல வாரது என் லாரி. உமியோட அவிஞ்சு போகட்டும். நானா வரமாட்டேன், நீங்கதான் வருவீங்க. வெதைக்கும் வருவீங்க."

அவர் சொன்னதில் பொய்யில்லை. காலி லாரி திரும்பிப் பனிக்குள் மறைந்தது. யாரும் அதை நிறுத்தச் சொல்லவில்லை. வீரம்மாளுக்கு ஓடைக்குள் கிடக்கும் கற்களே கண்ணில் நின்றன.

"குதிரைதான் மதினி," என்றான் நல்லுசாமி.

"அதுக்கு நான் இன்னும் சம்மதிக்கல தம்பி. வேற லாரி கேட்டுப் பாக்கணும்பேன்."

"சரி. சாயங்காலம் எல்லாரும் உக்காந்து பேசுவோம். உங்க பேச்சு எடுபட்டா வேற லாரி கேக்க நானே பெருமாள்மலைக்கு நடக்குறேன்."

முதல் தூறல் விழுந்தது. சாலைக்குப் பக்கத்து வீடு வீரம்மாளுடையது. அவள் தன் மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துப்போய், கட்டை அவிழ்த்து, மெழுகிய தரையில் கவிழ்த்தாள்.

"நாளைக்கு மொதலாளி தனியாக் கூப்பிட்டு நூறுன்னு சொன்னா என் மனசும் ஆடும்ணே. ஆடாம இருக்கணும். கொட்டுங்க."

அடைக்கலம் வாசலில் தயங்கினார்.

"ஒங் கல்கட்டு, தாயி?"

"தெரியலண்ணே."

"எஸ்டேட்டுக்கு மறுநாள் போய்க்கிறேன். நாளைக்குக் கல்லு தூக்குவோம்," என்றார் அவர். நல்லுசாமியும் தலையை ஆட்டினான்.

அடைக்கலம் தன் மூட்டையைத் தூக்கி அவள் கோதுமையின் மேலேயே கவிழ்த்தார். பின்னால் நல்லுசாமி, அவனுக்குப் பின்னால் மற்றவர்கள். குவியல் சுவரைத் தொட்டது. அதில் எது நூறு, எது எண்பது என்று இனி ஞானவேலாலும் பிரிக்க முடியாது.