கண்ணாடியோடு சண்டையிட்ட சின்னான்

சித்தேரி மலைச்சாலையின் ஒரு கொண்டை ஊசி வளைவில், எதிரே வரும் வண்டியைக் காட்டப் பெரிய கண்ணாடி வைத்திருக்கிறார்கள். அந்தக் கண்ணாடியோடுதான் ஓர் ஆண் மஞ்சள்தொண்டைச் சின்னான் சண்டையிட்டது. தென்னிந்தியப் பாறைக் குன்றுகளில் மட்டுமே வாழும், அருகிவரும் பறவை அது. தன் உருவத்தைக் கூட்டருகே வந்த எதிரியென நினைத்துத் தினமும் விடிந்ததிலிருந்து மோதியது. பாட்டு நின்றுபோயிற்று. பாறை இடுக்கிலிருந்த இரண்டு குஞ்சுகளுக்கும் பெண்பறவை மட்டுமே இரை கொண்டுவந்தது. ஒரு குஞ்சு தலை தூக்கவில்லை.

அந்தப் பறவையை ஆய்வு செய்துவந்த ஐஸ்வர்யா கண்ணாடியைச் சாக்கால் மூடிக் கட்டினாள்.

அரூர் பஸ் வளைவில் நின்றது. டிரைவர் ராஜப்பன் தலையை நீட்டினார். "ஏம்மா, கண்ணாடியோட சண்ட போடற குருவிக்காக எங்களப் பள்ளத்துல வுடப் பாக்கறீங்களா?"

"இல்லீங்கண்ணா. நானே நின்னு கை காட்டறேன்."

"எத்தன நாளைக்கு?"

"குஞ்சு பறக்கற வரைக்குங்க."

"அதுக்குச் சண்ட புடிக்க வூட்ல ஆளில்லையா?" என்றாள் ஜன்னலோரப் பெண். பஸ் சிரித்தது.

பச்சைத் துண்டோடு ஐஸ்வர்யா வெயிலில் நின்றாள். பைக்கில் வருகிறவர்கள், "வரலாமா கண்ணாடியக்கா?" என்று கேட்டுப் போனார்கள்.

ஒருநாள் காய்ச்சலில் எழ முடியவில்லை. ஆளில்லாத வளைவில் சாக்கை அவிழ்த்திருப்பார்கள், அவிழ்ப்பதே நியாயம் என்று எண்ணியபடி மதியம் தள்ளாடிப் போனாள். சாக்கு அப்படியே இருந்தது. கேழ்வரகு மூட்டை ஏற்றிய பைக்கை ஓரங்கட்டிவிட்டு, அவள் அறியாத ஒருவர், முந்தின நாள் அவள் கண்ணாடிக் கம்பத்தில் கட்டிவிட்டுப்போன துண்டோடு நின்றார்.

"காலையில டிரைவர் ராஜப்பன் கண்டக்டர எறக்கி நிக்க வெச்சாருங்க. அப்புறம் பால் வண்டிக்காரர் வந்து வாங்கிக்கிட்டாரு. இப்படியே மாத்தி மாத்தி எங்கிட்ட வந்துச்சு. அடுத்த வண்டி வந்ததும் குடுத்துட்டுக் கெளம்பிருவேன். நீங்க போயிப் படுங்க."

அவள் தேறி வந்த பிறகும் துண்டு கைமாறிக்கொண்டுதான் இருந்தது. ஆண்பறவை இரை தேடப் போய் வந்தது. தலை தூக்காதிருந்த குஞ்சு கடைசியாகப் பறந்தது.

ஐஸ்வர்யா சாக்கை அவிழ்த்தாள். காக்கக் குஞ்சுகள் இல்லாத சின்னான் கண்ணாடிப் பக்கம் திரும்பவில்லை. பாறை உச்சியில் அமர்ந்து பாடியது.

ராஜப்பன் பஸ்ஸை மெதுவாக்கி, பழக்கத்தில் அவள் கையையே பார்த்தார். அவள் கண்ணாடியைக் காட்டினாள்.

"ஆள் நின்னதுதான் நல்லாத் தெரிஞ்சுது," என்று சொல்லிவிட்டு கியரை மாற்றினார்.