டெல்மருக்குப் பிடித்த கொடி

டெல்மர் லாக்கி செத்துப்போய்விட்டான் என்று கேட்டதும் ஹாய்ட் சிக்மனுக்கு முதலில் துக்கம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. பேசி ஜெயிக்க முடியாதவன் கடைசியில் இப்படி ஒரு வழி கண்டுபிடித்துவிட்டானோ என்று நினைத்தார்.

செத்தவன் வேறு யாருமில்லை, தங்கை ஓலீட்டாவின் புருஷன். இரண்டு பேரும் காலை எழுந்ததும் பெட்ரோல் பங்குக்குள் இருக்கும் காபிக்கடையின் மூலை மேசையில் போய் உட்காருவார்கள். காபி வரும். காபி ஆறுவதற்குள் சண்டை தொடங்கிவிடும். கார்ப் பந்தயத்தில் இதுவரை ஸ்டியரிங் பிடித்தவர்களில் யார் பெரியவன் என்கிற ஒரே சண்டைதான். வட கரோலினாவின் அந்த மலையடிவாரத்தில் ஒருவனுக்குச் சாமி இல்லாமல் இருக்கலாம், இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் இருக்க முடியாது. ஹாய்ட்டுக்கு டேவிட் பியர்சன். டெல்மருக்கு டேல் எர்ன்ஹார்ட்.

"ஏழு தடவை சாம்பியன், மச்சான். ஏழு! உன் ஆளு மூணே மூணு. உனக்கு அந்தக் கையில மிச்சம் இருக்கிற விரலே போதும் எண்ணுறதுக்கு" என்பான் டெல்மர். ஹாய்ட்டின் இடது கையில் இரண்டு விரல்களை மரம் அறுக்கும் மில் எப்போதோ எடுத்துக்கொண்டது.

"வருஷம் பூரா ஓடுறவன்தான்டா சாம்பியன் ஆவான். என் ஆளு இஷ்டப்பட்ட அன்னிக்கு வந்தான், ஜெயிச்சான், சாப்பிட வீட்டுக்குப் போனான். நூத்தி அஞ்சு ஜெயிச்சான். உன் ஆளு எழுபத்தாறு. பள்ளிக்கூடம் போகாத எனக்கே தெரியுது எது பெருசுன்னு."

"உன் ஆளு கடைசிச் சுத்து வரைக்கும் பின்னாடி பதுங்கிக்கிட்டே வருவான். அது பந்தயமா? பூனை எலி பிடிக்கிறது."

"எலி பிடிச்சுதா இல்லையா, அதைச் சொல்லு மாப்ளே."

இப்படியே போய்க்கொண்டிருந்தது. யாரும் ஜெயித்ததில்லை. பங்க்காரர் ஒருமுறை நடுவில் புகுந்து, இருநூறு பந்தயம் ஜெயித்த ரிச்சர்ட் பெட்டி இருக்கும்போது நீங்கள் இரண்டு பேரும் எதற்குக் கத்துகிறீர்கள் என்று கேட்டார். அன்று மட்டும் இரண்டு பேரும் ஒரே கட்சி. பங்க்காரரைத் திட்டித் தீர்த்துவிட்டுத் திரும்பவும் பிரிந்துகொண்டார்கள்.

அடக்கத்துக்கு முந்தைய நாள் ஓலீட்டா அண்ணனைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள். அக்கம்பக்கத்தார் கொண்டுவந்த வறுத்த கோழியும் சோளரொட்டியும் மேசையில் இடம் போதாமல் அடுப்பின் மேல்வரை ஏறியிருந்தன.

"நாளைக்குக் கல்லறையில நீ நாலு வார்த்தை பேசணும் அண்ணே."

"அதுக்குத்தான் பாஸ்டருக்குச் சம்பளம் குடுக்குறோமே."

"என் வீட்டுக்காரரு கேட்டுக்கிட்டது இது. ஆஸ்பத்திரியில என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாரு. எர்ன்ஹார்ட்தான் பெரியவன்னு உங்கண்ணன் வாயால சொல்லணும், எல்லாரும் கேக்கணும், அப்புறம் என்னை மண்ணுக்குள்ள இறக்குங்கன்னாரு."

ஹாய்ட் கோழித்துண்டைக் கீழே வைத்தார். "அப்ப அவனுக்கு வலிக்கு ஊசி போட்டிருந்தாங்களா?"

"எதுக்குக் கேக்குறே?"

"ஊசி போட்டா மனுஷன் கண்டதையும் உளறுவான். என் மாமனார் ஊசி போட்டப்ப என்னை நல்லவன்னு சொன்னாரு."

"அண்ணே!" ஓலீட்டா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். சின்ன வயதிலிருந்தே அவள் இடுப்பில் கை போனால் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது என்று அர்த்தம். "சொல்லுறதா இருந்தா சவப்பெட்டி தூக்குற ஆறு பேர்ல நீ ஒருத்தன். இல்லேன்னா வேற ஆள் பார்த்துக்குறேன். ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கும் நீ இங்க வர வேண்டாம்."

"சாப்பாட்டை எதுக்குடி இதுல இழுக்குற?"

"எதை இழுத்தா உனக்கு வலிக்கும்னு எனக்குத் தெரியும்."

ஹாய்ட்டின் மனைவி போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. வாரத்தில் ஆறு நாள் அவர் தகர டப்பாவைத் திறந்து அவரையைச் சூடாக்கிச் சாப்பிடுவார். சில நாள் சூடாக்கக்கூட மாட்டார். ஏழாம் நாள்தான் ஓலீட்டா வீட்டு மேசை. எதிரில் டெல்மர் உட்கார்ந்திருப்பான். கையில் முள்கரண்டி இருக்கும், வாயில் எர்ன்ஹார்ட் இருப்பான்.

"யோசிக்கிறேன்" என்றார் ஹாய்ட்.

"கல்லறைக்குப் போற வரைக்கும் யோசி. அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது."

வீட்டுக்கு வந்து யோசித்தார். பாஸ்டர் முன்னால், பைபிளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பொய் சொல்ல முடியாது, அதனால்தான் சொல்லமாட்டேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்தக் காரணத்தை அவரே முழுதாக நம்பவில்லை. வருமானவரிக்காரனிடம் அவர் எந்தப் புத்தகத்துக்குப் பக்கத்திலும் நின்று பொய் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் கோயிலில் பாட்டு, பிரசங்கம் எல்லாம் முடிந்தன. சவப்பெட்டியைச் சக்கரவண்டியில் தள்ளிக்கொண்டுபோய் அமரர் ஊர்தியில் ஏற்றினார்கள். கல்லறைக்குப் போகும் வழியில் பிரஷி ஃபோர்க் பந்தய மைதானத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போவதாக ஏற்பாடு. அந்தச் செம்மண் ஓடுபாதையில் தூசி பறக்காமல் தண்ணீர் அடிக்கும் லாரியை டெல்மர்தான் ஆயுசு பூராவும் ஓட்டினான். அந்த ஊரில் மைதானத்தோடு சம்பந்தப்பட்ட யார் செத்தாலும் ஒரு சுற்று உண்டு. மெதுவாகப் போக வேண்டும். கொடிமேடையில் நிற்கும் ரூஃபஸ் டீக் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட வெற்றிக்கொடியை ஒரு தடவை தாழ்த்திக் காட்டுவார். அவ்வளவுதான் சடங்கு.

ஊர்தியை ஓட்டியவர் வெளியூர்க்காரர். ஒரு சுற்று முடிகிற நேரத்தில் உட்பக்கம் இறங்கும் தனிப்பாதையில் இறங்கி, வாசல் வழியாக வெளியே போய்விட வேண்டும் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். மற்ற வண்டிகள் அவர் பின்னாலேயே போக வேண்டும். இதை மற்றவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டார்கள்.

ஊர்தி மஞ்சள் விளக்கைச் சுழலவிட்டபடி மைதானத்துக்குள் நுழைந்தது. பின்னால் வந்த வண்டிகள் ஒற்றை வரிசையில்தான் வந்தன. ஆனால் செம்மண்ணில் டயர் பட்டதும் ஒருவரும் சொல்லாமலே ஜோடி ஜோடியாகச் சேர்ந்துகொண்டன. பந்தயம் தொடங்குமுன் வண்டிகள் அப்படித்தான், மஞ்சள் விளக்கு வைத்த ஒரு வண்டியின் பின்னால் வரும்; அது உட்பக்கம் விலகியதும் பந்தயம் தொடங்கும். அந்த ஊர்க்காரர்களுக்கு வேறு மாதிரி வரத் தெரியாது. முதல் ஜோடியில் உட்பக்கம் டெல்மரின் கறுப்பு ஷெவர்லே பிக்கப், ஓட்டியது ஓலீட்டா. வெளிப்பக்கம் ஹாய்ட்டின் கிழட்டு வெள்ளை மெர்க்குரி. அடுத்த ஜோடியில் பாஸ்டர் குவின் ஓட்டிவந்த கோயில் வேன். அதற்குள் பாட்டுக்குழுப் பெண்கள் நிரம்பியிருந்தார்கள்.

கடைசி வளைவில் ஊர்தி, சொன்னபடியே, உட்பக்கப் பாதையில் இறங்கியது.

பிற்பாடு ரூஃபஸ் டீக் எத்தனை பேரிடம் சத்தியம் செய்தாரோ தெரியாது. "முன்னாடி ஒரு வண்டி மஞ்சள் விளக்கோட வந்துச்சு. கீழ இறங்கி வழி விட்டுச்சு. பின்னாடி ஜோடி ஜோடியா வண்டிங்க. நான் என்னய்யா பண்ணுவேன்? என் கை என்னைக் கேக்கவே இல்லை!"

அவர் கை, பந்தயத்தைத் தொடங்கிவைக்கும் பச்சைக்கொடியை எடுத்து வீசிவிட்டது.

ஒரு மூச்சு நேரம் யாரும் அசையவில்லை. அப்புறம் கறுப்பு பிக்கப் உறுமிக்கொண்டு பாய்ந்தது. துக்க உடுப்பும் தொப்பியுமாக ஓலீட்டா ஸ்டியரிங்குக்கு மேல் குனிந்திருந்ததை ஹாய்ட் ஜன்னல் வழியாகப் பார்த்தார். அடுத்த கணம் அவருடைய காலும் தரையைத் தொட்டது. நடுவில் இருந்த ஆக்சிலேட்டர் எங்கே போனது என்று தெரியவில்லை.

முந்தின ராத்திரி மழை பெய்திருந்தது. செம்மண் களி போல இருந்தது. பின்பக்கம் இழுத்துக்கொண்டு போகும் வண்டியை ஹாய்ட் திருப்பிப் பிடித்து, தங்கையின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டார். அவசரப்படவில்லை. பியர்சன் அவசரப்படமாட்டான். முன்னால் போகிறவனை டயர் தேயத் தேய ஓடவிட்டு, கடைசியில்தான் தாண்டுவான். அவள் ஓடட்டும், களைக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்தார். பின்னால் கோயில் வேனின் ஜன்னல் வழியாகப் பெண்களின் குரல் கேட்டது. "பாஸ்டர், வெளிப்பக்கம்! வெளிப்பக்கமா போங்க!"

எதிர்ப்பக்க நேர்பாதை போயிற்று. மூன்றாம் வளைவு வந்தது. ஹாய்ட் இன்னும் காத்திருந்தார். அப்போதுதான் கொடிமேடையில் ரூஃபஸ் இரண்டு கைகளாலும் தலையில் அடித்துக்கொண்டு, வெற்றிக்கொடியைத் தேடி எடுப்பது தெரிந்தது. ஒரே சுற்றுதான்! கடைசிச் சுற்றும் இதுதான், முதல் சுற்றும் இதுதான்!

அலறிக்கொண்டு உட்பக்கம் பாய்ந்தார். மெர்க்குரியின் மூக்கு பிக்கப்பின் கதவு வரைக்கும் வந்துவிட்டது. ஓலீட்டா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கறுப்பு வண்டி லேசாக உட்பக்கம் சாய்ந்தது. தகரம் தகரத்தோடு உரசியது. மெர்க்குரி ஒரு முழு வட்டம் அடித்து, உள்மைதானத்துச் சேற்றில் கதவு வரை புதைந்து நின்றது. ஓலீட்டா கொடியைத் தாண்டினாள். பாஸ்டர் இரண்டாவது. வேனிலிருந்த பெண்கள் போகிற போக்கில் ஹாய்ட்டுக்குக் கையசைத்துவிட்டுப் போனார்கள்.

வாசலருகே ஊர்தியை நிறுத்திவிட்டு இறங்கி நின்ற வெளியூர்க்காரர் திறந்த வாயை மூடவில்லை. டெல்மர் மட்டும்தான் அந்தக் கூட்டத்தில் ஒழுங்காகப் படுத்திருந்தான்.

நாலு பேர் தள்ளி மெர்க்குரியை வெளியே எடுத்தார்கள். முன்பக்க பம்பர் ஒரு பக்கமாகத் தொங்கித் தரையில் இழுபட, ஹாய்ட் கல்லறைக்கு வந்து சேர்ந்தார். முழங்கால் வரை சேறு. வந்ததும் வராததுமாகத் தங்கையிடம் போய் நின்றார்.

"இடிச்சே!"

"உரசினேன்."

"உரசினதுக்காடி என் பம்பர் இப்படித் தொங்குது?"

"உள்பக்கம் வழி இருக்குன்னு உனக்கு யாரு சொன்னா? நான் சொன்னேனா?"

"பாஸ்டர், நீங்களே சொல்லுங்க. பின்னாடிதானே வந்தீங்க?"

பாஸ்டர் குவின் பைபிளைத் திறந்தபடி நின்றிருந்தார். இரண்டாவதாக வந்த சந்தோஷம் அவர் முகத்தை விட்டு இன்னும் போகவில்லை. "இது ஜெபம் பண்ற இடம், ஹாய்ட்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆனா நீ லேட்டாத்தான் உள்ள வந்தே" என்றும் சொல்லிவிட்டார்.

சவப்பெட்டி ஊர்தியிலிருந்து பாதி வெளியே இழுக்கப்பட்டிருந்தது. ஐந்து பேர் ஐந்து கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஆறாவது கைப்பிடி காலியாக இருந்தது. ஓலீட்டா இடுப்பில் கை வைத்தாள்.

"தொடுறதுக்கு முன்னாடி சொல்லு."

எல்லாரும் ஹாய்ட்டைப் பார்த்தார்கள். அவர் தொப்பியைக் கழற்றி, சேறு படாத இடம் தேடிப் பிடித்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

"மாப்ளே" என்று சவப்பெட்டியைப் பார்த்துச் சொன்னார். "உன் ஆளு பின்னாடி வந்தா முன்னாடி போறவன் கண்ணாடியைப் பார்த்துக்கிட்டேதான் ஓட்டணும். அது உண்மை. அதை நான் ஒத்துக்குறேன்."

"கேட்டது அது இல்லை" என்றாள் ஓலீட்டா.

"தெரியும்."

"அப்ப சொல்லு."

"முடியாது."

"ஏன்? ஒரு வார்த்தை. செத்தவருக்கு ஒரு வார்த்தை. அதுல உனக்கு என்ன குறைஞ்சு போவுது?"

"சொல்லிட்டா முடிஞ்சு போச்சேடி!" ஹாய்ட் கத்தியது கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. இப்படிச் சொல்லப்போகிறோம் என்று அவருக்கே தெரியாது. "அவன் ஜெயிச்சான், நான் தோத்தேன், சரி. நாளைக்குக் காலையில நான் எங்க போறது? பங்குல உக்காந்து காபியைப் பார்த்துக்கிட்டு இருக்கவா? காபிகிட்ட என்னத்தைப் பேச?"

ஐந்து பேரும் பாரத்தில் கை மாற்றிக்கொண்டார்கள். ஓலீட்டா அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை இடுப்பிலிருந்து மெதுவாக இறங்கியது. மூக்கைச் சிந்தி, கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தாள்.

"கடைசி வரைக்கும் காத்திருந்து ஜெயிப்பான், காத்திருந்து ஜெயிப்பான்னு உன் ஆளைப் பத்தி வாய் ஓயாம சொல்லுவியே" என்றாள். "இன்னிக்குக் காத்திருந்து என்ன கிடைச்சுது? சேறு."

ஹாய்ட் நிமிர்ந்தார். "அது ஒரு சுத்துப் பந்தயம்டி! ஒரு சுத்துல எவன் காத்திருப்பான்?"

"நீதான் காத்திருந்தே."

"எனக்கு எப்படித் தெரியும்? ரூஃபஸ் சொன்னானா?"

"என்னை இழுக்காதீங்க" என்றார் கூட்டத்தின் பின்னால் ஒளிந்துகொண்டிருந்த ரூஃபஸ்.

"எர்ன்ஹார்ட்டா இருந்தா எத்தனை சுத்துன்னு கேட்டிருக்க மாட்டாரு. முதல் சுத்தையே கடைசிச் சுத்தா ஓட்டியிருப்பாரு. அதான் ஏழு."

"வருஷம் பூரா ஓடினா எவனும்..."

"ஹாய்ட்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார் கைப்பிடி பிடித்திருந்த ஐந்து பேரில் ஒருவர். "வாயாலயும் பேசு, கையாலயும் பிடி. டெல்மர் ஒண்ணும் இலேசான ஆள் இல்லை."

ஹாய்ட் ஓலீட்டாவைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. விரல் குறைந்த கையால் ஆறாவது கைப்பிடியைப் பிடித்தார். புல்வெளியில் சவப்பெட்டி நகர்ந்தது. பக்கத்திலேயே ஓலீட்டா நடந்தாள். குழி வரைக்கும் இரண்டு பேர் வாயும் மூடவில்லை. பாஸ்டர் ஜெபத்தைத் தொடங்கியபோது குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டார்கள். அவர் ஆமென் என்று முடித்த அமைதியில், "நூத்தி அஞ்சு, நூத்தி அஞ்சு" என்று ஹாய்ட் முணுமுணுத்தது எல்லாருக்கும் தெளிவாகக் கேட்டது.

ஓலீட்டா அவர் கையில் ஒரு பிடி மண்ணைத் திணித்தாள்.

"ஞாயித்துக்கிழமை ஒரு மணிக்குச் சாப்பாடு. மிச்சத்தை அப்பப் பேசிக்கலாம். இப்ப வாயை மூடிக்கிட்டு மண்ணைப் போடு."