யார் வீட்டுப் பொண்ணு

ஓகா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து இடுப்பு மஞ்சள் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்ட பிறகுதான் நெங்காவுக்கு உறைத்தது, இவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று. வழக்கமாக வண்டியில் வரும் கைடு பெண் ஊர்க்கோயில் திருவிழா என்று லீவு போட்டுவிட்டாள். "அவளுக்குப் பதிலா நான் வரேன். இங்கிலீஷ் எனக்கும் வரும்" என்று ஓகா முந்தின நாள் சாப்பிடும்போது சொன்னாள். அவன் மீன்முள்ளை எடுத்துக்கொண்டே தலையாட்டி வைத்தான். மாஸ் கிராமத்தில் முகமூடி செதுக்குகிறவர்களைப் பார்க்க வேண்டும் என்று ஒரு டச்சுத் தம்பதி கேட்டிருந்தார்கள். மாஸில் தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு முகமூடிக்காரர் வீட்டு வாசலில்தான் விழ வேண்டும். அத்தனை வீட்டையும் விட்டுவிட்டுக் டூர் கம்பெனிக்காரர்கள் இந்தத் தடவை எழுதியிருந்தது ஓகா பிறந்த வீட்டை.

அவளுக்கு அப்போது இடா ஆயு ஓகா என்று பெயர். பிராமண வீட்டுப் பெண். வாசலில் உட்கார்ந்து வெள்ளைக்காரர்களுக்கு இங்கிலீஷில் முகமூடிக் கதை சொல்லுவாள். நெங்கா அப்பவும் டிரைவர்தான், மாமரத்தடியில் மற்ற டிரைவர்களோடு சிகரெட் பிடித்துக்கொண்டு ஜோக் அடிப்பான். அந்த ஜோக்குக்குச் சிரித்துச் சிரித்தே அவள் ஒருநாள் அவன் வண்டியில் ஏறிவிட்டாள். ஏறின அன்றைக்கே பெயரின் முன்பாதி கழன்று வெறும் ஓகா ஆனாள். தாழ்ந்த வீட்டுக்குப் போனவள் தாழ்ந்தவள். பிறந்த வீட்டுச் சாமியறையில் கும்பிட முடியாது. தான் தூக்கி வளர்த்த தம்பியையே இனி 'சாமி' என்றுதான் கூப்பிட வேண்டும். இதெல்லாம் சட்டப்படி எப்போதோ ஒழிந்துவிட்டது என்பார்கள். சட்டத்துக்கு என்ன, அதற்கு மாஸில் மாமியார் வீடா இருக்கிறது. அப்பாவின் தகனத்தன்று ஓகா ரோட்டோரம் ஊர்க்கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்துவிட்டு வந்தாள். அதற்கப்புறம் நெங்கா மாஸுக்கு வண்டி ஓட்டினால் அந்தத் தெருவை விட்டு அடுத்த தெருவழியாகத்தான் போவான்.

இப்போது அவள் வருவது பாசத்தால் இல்லை, அல்லது பாசத்தால் மட்டும் இல்லை. மகள் வர்தனிக்குப் பல் ராவ வேண்டும். வயசுக்கு வந்த பிள்ளைக்கு மேல்வரிசையில் ஆறு பல்லையும் அரம் போட்டு ராவி ஒரே மட்டமாக்காமல் கல்யாணம் பண்ணிக்கொடுக்க முடியாது. காமம், கோபம், பேராசை என்று ஆறு பகை அந்த ஆறு பல்லில் இருக்கிறதாம். முகமூடி செதுக்குகிற கைதான் பல்லையும் ராவும். சுற்றுவட்டாரத்தில் அந்தக் கை ஓகாவின் தம்பி அலித்தின் கை. யார் வீட்டுக்கு அழைத்தாலும் அவன் அரத்தை எடுத்துக்கொண்டு போவான். சொந்த அக்கா வீட்டுக்கு வருவானா என்பதுதான் கேள்வி. வேறு ஆளை வைத்துக்கொள்ளலாம் என்று நெங்கா சொல்லிப் பார்த்தான்.

"வேற ஆளு ராவினா பல்லு மட்டமாகும். அவன் ராவினா அவ மாமன் தொட்ட பிள்ளை ஆவா" என்றாள் ஓகா. "வாசல்ல போய் நின்னா திருப்பி அனுப்பிடுவாங்க. விருந்தாளிக்கு முன்னால கைடா நடந்து போனா யாரு தடுப்பா?"

நெங்காவுக்கு அந்த யோசனை பிடிக்கத்தான் செய்தது. ஆனால் கிராமம் நெருங்க நெருங்க வண்டியின் வேகம் தானாகக் குறைந்தது. பின்சீட்டில் அந்த அம்மாள், மரைக்கா என்று பெயர், ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு ரோட்டோரம் நிறுத்தியிருந்த மரக்குதிரை, மரவாத்து ஒவ்வொன்றுக்கும் கணவரை இடித்தார். அவர் பாதித் தூக்கத்தில் இடி வாங்கிக்கொண்டு வந்தார். நெங்கா வழக்கமான ஜோக்குகளை எடுத்துவிட்டான். எங்க ஊர் வாத்து முட்டை போடாது, பாலிஷ்தான் போடும் என்றான். அந்த அம்மாள் கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஓகா சிரிக்கவில்லை. பல காலமாக அந்த வாத்து ஜோக்குக்கு அவள் சிரிப்பதில்லை என்றாலும், இன்றைக்குச் சிரிக்காதது வேறுமாதிரி இருந்தது.

வாசலில் கல் சிங்கம் அப்படியே இருந்தது, அதன் காதுமேல் வைத்த செம்பருத்தி புதிதாக இருந்தது. ஓகா விருந்தாளிகளுக்கு முன்னால் படியேறினாள். உள்முற்றத்தில் கூரை போட்ட மேடையில் சம்மணமிட்டு அலித் உட்கார்ந்திருந்தான். பாலைமரக் கட்டையை இரண்டு உள்ளங்காலாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சின்ன அரத்தால் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்தான். கையிலிருந்த அரம் நின்றது. தலை முன்பக்கம் நரைத்திருந்தது. ஓகா கைகூப்பி, தலையைத் தாழ்த்தி, "சாமி, விருந்தாளிங்களைக் கூட்டிட்டு வந்திருக்கேன்" என்றாள்.

அவன் அரத்தைப் பக்கத்தில் வைத்தான். அப்புறம், மெதுவாக, "வெயில்ல நிக்காத. உள்ள வா" என்றான்.

நெங்கா அதைக் கேட்டான். கேட்டும் நம்பவில்லை, அதுதான் வினை. வெள்ளைக்காரர்களுக்கு நாற்காலி வந்தது. அவர்கள் மேடையைவிட உயரத்தில் உட்கார்ந்தார்கள், அவர்களுக்கு என்ன, எந்த ஏணியிலும் இல்லாதவர்கள். ஓகாவும் நெங்காவும் மேடைக்குக் கீழே கல்படியில் உட்கார்ந்தார்கள். அலித் தரையில் உட்கார்ந்தால் இவர்கள் தரைக்கும் கீழே எதையாவது தேட வேண்டும். நெங்கா முழங்காலை மடக்கி, முதுகை வளைத்து, தலை அலித்தின் தோளுக்கு மேல் போகாதபடி பார்த்துக்கொண்டான். இடுப்பு வலித்தது. சின்ன வயதில் அவன் அப்பா இதே படியில் இதேமாதிரி உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறான். அப்போது அது ஒன்றும் தோன்றியதில்லை. இப்போது பக்கத்தில் ஓகா உட்கார்ந்திருந்தாள், தன் வீட்டுப் படியில், அவனால்.

அலித் தேய்த்துக்கொண்டிருந்தது சிப்பித் துண்டு. கோமாளி முகமூடிக்குப் பல். சிப்பியை ஒவ்வொன்றாக மட்டமாக்கி, மேலுதட்டுக்கடியில் பசை வைத்துப் பதித்தான். மரைக்கா அம்மாள் கேள்விமேல் கேள்வி கேட்டார். ஓகா பதில் சொன்னாள். ஆரம்பத்தில் மனப்பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள், கொஞ்ச நேரத்தில் பழைய குரல் வந்துவிட்டது. மரத்தை வெட்ட நல்லநாள் பார்ப்பது, முகத்தை முதலில் எந்த இடத்தில் திறப்பது எல்லாம் சொன்னாள். ஒரு இடத்தில் அவள் தடுமாறியபோது அலித் தலை நிமிராமல் அந்தச் சொல்லை எடுத்துக்கொடுத்தான். அவள் வாங்கிக்கொண்டு மேலே போனாள். சின்ன வயதில் இரண்டு பேரும் இப்படித்தான் வெள்ளைக்காரர்களுக்குக் கதை சொல்லியிருக்க வேண்டும், ஒருத்தர் விட்டதை ஒருத்தர் பிடித்து. நெங்கா கீழே பார்த்துக்கொண்டு, கடவுளே இப்படியே போகட்டும், எதுவும் கெடாமல் போகட்டும் என்று வேண்டிக்கொண்டான்.

முகமூடி முடிந்தது. அலித் அதைத் தன் முகத்துக்கு முன்னால் பிடித்து, இறக்கி, லேசாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்து ஓகாவும் சிரித்துவிட்டாள். இரண்டு பேருக்கும் இடது கன்னத்தில் ஒரே இடத்தில் குழி. மரைக்கா அம்மாள் கையை நீட்டி முதலில் அவனைக் காட்டினார், பிறகு இவளைக் காட்டினார்.

"நீங்க ரெண்டு பேரும் ஒரே அச்சா இருக்கீங்களே. சொந்தமா?"

அடுப்படி வாசலில் காப்பித் தட்டோடு ஓகாவின் அம்மா வந்து நின்றார். பெரிய வீட்டு மனுஷன், விருந்தாளிக்கு முன்னால் எப்படி ஆமாம் என்று சொல்வான். சொன்னால் அவனுக்கு அவமானம். இல்லை என்று சொன்னால் அவளுக்கு அவமானம். அந்த ஒரு வார்த்தையை அவர்கள் இரண்டு பேரில் யாருமே சொல்லவேண்டாமே என்றுதான் நெங்கா நினைத்தான். மேலே இருக்கிறவன் வெட்கப்படாமல் பார்த்துக்கொள்வது கீழே இருக்கிறவன் வேலை. அதை யாரும் அவனுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை, முதுகே சொல்லும்.

"அய்யோ மேடம்" என்று சிரித்தான். "உங்களுக்கு எங்க எல்லார் மூஞ்சியும் ஒண்ணாத்தான் தெரியும். எங்களுக்கு உங்க எல்லார் மூஞ்சியும் ஒண்ணாத் தெரியலையா? இது பெரிய வீடு மேடம். நாங்க வெறும் டிரைவர், கைடு. ஒட்டும் இல்ல, உறவும் இல்ல."

மரைக்கா அம்மாள் சிரித்தார். தூங்கிக்கொண்டிருந்த கணவரும் விழித்துச் சிரித்தார். தன் சிரிப்புச் சத்தம் ஓய்ந்த பிறகுதான் நெங்காவுக்கு அதன் அடியில் கிடந்த இன்னொரு சத்தம் காதில் ஏறியது. அலித் அதற்குள் வாயைத் திறந்திருந்தான். "இது என்னோட" என்று இங்கிலீஷில் தொடங்கியிருந்தான். அடுத்த சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றிருந்தது.

அவன் வாயை மூடிக்கொண்டான். அரத்தைக் கீழே வைத்தான். மடியிலிருந்த மரத்தூளை ஒரு முறை தட்டினான், மறுபடி தட்டினான். தட்ட ஒன்றும் மிச்சமில்லாதபோதும் தட்டினான்.

நெங்காவுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அவனுக்கும் வயசுக்கு வந்தபோது ஆறு பல்லையும் ராவினார்கள், ஊரே கூடி நின்று ராவினார்கள். நாக்கை மட்டும் விட்டுவிட்டார்கள்.

ஓகா எழுந்தாள். விருந்தாளிகள் சுவரில் தொங்கிய முகமூடிகளைப் பார்க்க நகர்ந்திருந்தார்கள். அவள் மேடைக்கு முன்னால் வந்து மண்டியிட்டு, கையைக் குவித்து நெற்றிக்குக் கொண்டுபோனாள். அவள் முகத்தில் அழுகை இல்லை. கோபமும் இல்லை. கடைக்கு வந்தவள் முகம் இருந்தது.

"சாமி. ஒரு வேண்டுதல்."

அலித் அவளைப் பார்த்தான். பிறகு படியில் உட்கார்ந்திருந்த நெங்காவைப் பார்த்தான். பிறகு சொன்னான், "சொல்லுங்க."

"ஒரு பொண்ணுக்குப் பல்லு ராவணும். சாமி கையால நடக்கணும்னு ஆசை."

"யார் வீட்டுப் பொண்ணு?"

ஓகா உதட்டைக் கடித்துக்கொண்டாள். நெங்கா எழுந்துபோய் அவர்கள் நடுவில் விழுந்து, சாமி, உங்க அக்கா பொண்ணு, உங்க மருமக, நான் சொன்னது பொய் என்று கத்த நினைத்தான். முதுகு நிமிரவில்லை. சற்று முன்னால் கேட்காமலே ஓடிய வாய் இப்போது கல்லாகக் கிடந்தது.

"டிரைவர் நெங்கா வீட்டுப் பொண்ணு, சாமி" என்றாள் ஓகா.

"நாள் குறிச்சாச்சா?"

"அடுத்த பௌர்ணமி தாண்டி."

"ஆள் அனுப்புங்க, வரேன். யார் கூப்பிட்டாலும் போறவன்தானே நான்." அவன் இன்னொரு சிப்பித் துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். அரத்தையும் எடுத்தான், எதையும் தேய்க்கவில்லை.

கேட்டது கிடைத்துவிட்டது. அதைத்தான் நெங்காவால் தாங்க முடியவில்லை.

காப்பி குடித்தார்கள். விருந்தாளிகள் அந்தக் கோமாளி முகமூடியையே வாங்கிக்கொண்டார்கள். கிளம்பும்போது ஓகாவின் அம்மா வாசல்வரை வந்தார். இங்கிலீஷ் தெரியாத மனுஷி. ஆனால் யார் முகம் எப்போது மாறியது என்று தட்டோடு நின்று பார்த்தவர். அவர் கையில் ஒரு பலகாரம் இருந்தது, அரிசிமாவில் பனைவெல்லம் சேர்த்து அவித்து வெட்டிய வில்லை. மகள் கண்ணைப் பார்த்துக்கொண்டே அதில் ஒரு வாய் கடித்தார். மென்றார். மிச்சத்தை வாழையிலைத் துண்டில் வைத்து மடித்து அவள் கையில் வைத்தார். மேல்வீட்டு எச்சிலைக் கீழ்வீட்டவள் வாங்கலாம், அதில் குற்றமில்லை. வேறு எந்த வழியிலும் அந்த அம்மாவால் அந்த மகளுக்கு ஊட்ட முடியாது.

ஓகா அதைப் பிரித்து வாயருகே கொண்டுபோனாள். அம்மா தலையசைத்தார்.

"உனக்கில்ல" என்றார் தணிந்த குரலில். "வர்தனிக்கு."

அந்தப் பெயரை இந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. யார் போய்ச் சொல்லியிருப்பார்கள் என்று நெங்காவுக்குத் தெரியவில்லை. இத்தனை காலமும் அந்தப் பெயர் இந்தச் சுவர்களுக்குள் இருந்திருக்கிறது. அவன்தான் அடுத்த தெருவழியாகப் போய்க்கொண்டிருந்தான்.

வண்டி கிராமத்தைத் தாண்டியது. பின்சீட்டில் கணவர் முகமூடியை மாட்டிக்கொள்ள, அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே படம் எடுத்துக்கொண்டிருந்தார். நெங்கா தொண்டையைச் செருமினான்.

"அவரு சங்கடப்படக் கூடாதுன்னுதான் நான்..."

"எவரு?"

நெங்கா கியர் மாற்றினான்.

"அவன் வாயெடுத்தான்" என்றாள் ஓகா.

"கேட்டுச்சு. அப்புறந்தான் கேட்டுச்சு."

"எனக்கு முன்னாடியே கேட்டுச்சு."

கொஞ்ச தூரம் போனார்கள். அவன் மறுபடி ஏதோ சொல்ல வாய் திறந்தான். "ரோட்டைப் பாரு, நெங்கா" என்றாள். மாமரத்தடியில் நின்ற டிரைவரை ஒரு காலத்தில் அவள் இப்படிப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாள். கல்யாணத்துக்கப்புறம் இன்றைக்குத்தான் கூப்பிட்டாள்.

ஓகா இலைப்பொட்டலத்தை மடியில் வைத்திருந்தாள். பிறகு, கை வேர்த்ததோ என்னவோ, அதை எடுத்து முன்கண்ணாடிக்கடியில், காலையில் சாமிக்கு வைத்த பூத்தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். மேடுபள்ளத்தில் இலை மெல்ல விரிந்தது. பழுப்பு வில்லையின் ஓரத்தில் கடித்த இடம் தெரிந்தது. கோணல் இல்லை, பிசிறு இல்லை. அரம் போட்ட ஆறு பல்லும் பதிந்து, ஒரே நேர்கோடாக இருந்தது. அடுத்த திருப்பத்தில் அது சரிந்துவிடாமல் இருக்க நெங்கா வண்டியை மிக மெதுவாக, மிக மெதுவாகத் திருப்பினான். பின்னால் வந்தவன் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தான்.