சர்க்கரை போட்ட கான்கிரீட்

கான்கிரீட்டுக்கு ஒரு பட்டப்படிப்பா என்று முதலில் சிரித்தது பேராசிரியையின் சொந்தத் தம்பிதான். "அடுத்த வருஷம் செங்கல்லுக்கு டாக்டர் பட்டமா அக்கா?" என்று சாப்பாட்டு மேசையில் கேட்டான். வீடே சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள்.

இரண்டாம் வருஷம் அந்தச் சிரிப்பு வரவில்லை. படிப்பில் சேர்ந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதிலும் பாதிப்பேர் வேறெங்கும் இடம் கிடைக்காமல் மழைக்கு ஒதுங்கின மாதிரி வந்து ஒதுங்கியவர்கள். துணைவேந்தர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். "அடுத்த சேர்க்கையும் இப்படித்தான்னா மூடிடலாம்மா" என்று காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

அது அவள் தனியாகத் தொடங்கிய படிப்பும் அல்ல. கான்கிரீட்டைக் கலந்தே லாரியில் அனுப்பும் ரெடிமிக்ஸ் ஆலைக்காரர்களின் சங்கம் சோதனைக் கருவிகள் தரும், பயிற்சிக்கு ஆலையைத் திறந்துவிடும், படித்து வருகிறவர்களுக்கு வேலையும் தரும். பல்கலைக்கழகம் பாடம் நடத்தும் என்று ஏற்பாடு. சங்கத்தின் சார்பில் வந்தவர் ஓர் ஆலை முதலாளி. ஓடுகிற மிக்ஸர் லாரிக்குப் பக்கத்தில் நின்று பேசிப் பேசியே குரல் பெருத்துப்போனவர். அவர் மெதுவாகப் பேசுவதே மூன்று வகுப்பறைகளுக்குக் கேட்கும். மாணவர்கள் அவருக்கு 'ஸ்பீக்கர்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அவரும் அவளும் எலியும் பூனையும். பாடத்திட்டக் கூட்டம் என்றால் அலுவலக உதவியாளர் முன்கூட்டியே கதவைச் சாத்திவிடுவார்.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது மேடம். கஸ்டமர் போன்ல கத்தும்போது என்ன பேசணும்னு சொல்லிக் குடுங்க."

"கத்தற மாதிரி கான்கிரீட் அனுப்பாம இருக்கத்தான் சார் நான் ரசாயனம் சொல்லித் தரேன்."

மூடுவிழாப் பேச்சு வந்ததும்தான் இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். பிள்ளைகள் தேடி வராவிட்டால் நாமே தேடிப் போக வேண்டும். ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் சைக்கிள் நிறுத்தும் இடத்துக்குத் தரை போட்டுக் கொடுப்பது, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கண்முன்னாலேயே போடுவது, அப்படியே படிப்பைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்வது. யோசனை அவருடையது. லாரியும் அவருடையதே.

அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. லாரி சொன்ன நேரத்துக்கு வந்து நின்றது. பிள்ளைகள் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். தலைமையாசிரியர் மட்டும் கையைக் காட்டித் தடுத்துவிட்டார். "சிறப்பு விருந்தினர் வரட்டும். அவர் கையாலதான் ஆரம்பிக்கணும்."

விருந்தினர் வந்தபாடில்லை. தலைமையாசிரியர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினார். பேச்சு அனுமார் வாலாக நீண்டது. லாரியின் முதுகில் கான்கிரீட் டிரம் சுற்றிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதன் சத்தம் மாறியது. டிரைவர் இறங்கி ஓடிவந்தார்.

"சார், உள்ள இறுகுது. டிரம் முக்குது."

டிரம்முக்குள் கான்கிரீட் இறுகிவிட்டால் ஆளை உள்ளே இறக்கி உளியால் கொத்தித்தான் எடுக்க வேண்டும். ஸ்பீக்கரின் முகம் வெளிறியது. அவள் ஓடிப்போய்த் தலைமையாசிரியரிடம் கெஞ்சிப் பார்த்தாள். "அஞ்சே நிமிஷம்மா" என்றார் அவர், ஒலிபெருக்கியைப் பொத்திக்கொண்டு.

அவள் திரும்பி வந்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒரே மூச்சில் ஒரே வார்த்தை இருவர் வாயிலிருந்தும் வந்தது.

"சர்க்கரை!"

சர்க்கரை சேர்ந்தால் சிமெண்ட் இறுகுவது தள்ளிப்போகும். அவளுக்கு அது பாடத்தில் வந்த சங்கதி, அவருக்கு ஆலையில் பட்ட பாடு. அவர் வாயைத் திறந்தார். ஒலிபெருக்கியே தேவைப்படவில்லை.

"பிள்ளைங்களா! எதிர்க் கடையில சர்க்கரை எவ்வளவு இருக்கோ அவ்வளவும் வாங்கிட்டு வாங்க! ஓடுங்க!"

வரிசை சிதறியது. கடையிலிருந்து பொட்டலங்கள் வந்தன. ஆசிரியர்கள் அறையிலிருந்து சர்க்கரை டப்பா வந்தது. யாரோ ஒருத்தி தேநீர் போட்டு வைத்திருந்த கெட்டிலையே தூக்கி வந்தாள். பக்கெட் தண்ணீரில் கரைத்துக் கரைத்து டிரைவர் ஏணிமேல் நின்று ஊற்றினார். டிரம் வேகமாகச் சுழன்றது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். மெல்ல மெல்ல முக்கல் அடங்கி, உள்ளே பழையபடி சளசளவென்ற சத்தம் கேட்டது.

வாயாடிப் பெண் ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், இனிமே இதுக்குச் சர்க்கரை வியாதி வராதா?"

பள்ளிக்கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்பின் நடுவில்தான் விருந்தினரின் கார் உள்ளே நுழைந்தது.

தரையைப் போட்டுவிட்டார்கள். அது இறுகத்தான் மறுத்தது. அவசரத்தில் யார் அளவு பார்த்தார்கள்? மறுநாள் தலைமையாசிரியர் போன் செய்தார். "மேடம், இன்னும் சேறாவே கிடக்கு. என் செருப்பு ஒண்ணு உள்ள போயிடுச்சு."

அவளும் ஸ்பீக்கரும் போய்ப் பார்த்தார்கள். தொட்டால் விரல் பதிந்தது. யாரும் மிதித்துவிடாமல் சுற்றிக் கயிறு கட்டினார்கள். அப்புறம் செய்ய வேலை ஒன்றும் இல்லை; கயிற்றையும் நம்பிப் போக மனமில்லை. மரத்தடியில் இரண்டு வகுப்பறை நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்தார்கள்.

"கிடக்கட்டும், தானா வரும்" என்றார் அவர். கொஞ்ச நேரம் கழித்து, "நேத்து பசங்க ஓடினாங்க பாத்தீங்களா மேடம்? அதான் படிப்பு" என்றார்.

"அதுக்குப் பாடத்திட்டத்துல எந்த வருஷம் இடம் போடலாம்?" என்று கேட்டாள் அவள். கேலியாகக் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் வரைக்கும் பேசினார்கள். ரசாயனம் வகுப்பில், அதே வாரம் ஆலையில் அதைக் கண்ணால் பார்ப்பது. கணக்கும் விற்பனையும் மூன்றாம் வருஷம். அவர் இரண்டு பாடங்களை விட்டுக்கொடுத்தார், அவள் ஒன்றை. இன்றைக்கும் அந்தப் படிப்பு மரத்தடியில் போட்ட அந்தத் திட்டத்தின் மேல்தான் நிற்கிறது. தரையும் அந்த வாரக் கடைசியில் கல்லானது.

அந்த வருஷம் வகுப்பு நிறைந்தது. வாயாடிப் பெண்ணும் வந்து சேர்ந்தாள். "ஏன் இந்தப் படிப்பு?" என்று நேர்காணலில் கேட்டதற்கு, "அன்னிக்கு மாதிரி ஸ்கூல்ல ஒரு நாளும் இருந்ததில்ல டீச்சர்" என்றாள்.

பிறகு வருஷங்கள் எப்படி ஓடின என்று அவளுக்கே தெரியாது. வெளியூர் ஆலைகளெல்லாம் பிள்ளைகளைக் கேட்டு வந்தன. தம்பி தன் மகளை அழைத்துவந்து அக்கா முன்னால் நிறுத்தினான். செங்கல்லைப் பற்றி மூச்சு விடவில்லை. ஸ்பீக்கரின் மனைவி காலமானார். அவர் ஆலையைக் கைமாற்றிவிட்டு மகனோடு தூர தேசத்துக்குப் போய்விட்டார். கூட்டங்கள் இப்போது அமைதியாக நடக்கின்றன. கதவைச் சாத்த வேண்டிய தேவையே இல்லை. அந்த அமைதி அவளுக்கு இன்னும் பழகவில்லை.

இந்த வருஷச் சேர்க்கை முடிந்த மத்தியானம், அறையில் தனியாக இருந்தவள் அவருக்குப் போன் செய்தாள். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது.

"சார், நான்தான். இந்தத் தடவை இடம் பத்தலை. இன்னொரு வகுப்பு திறக்கச் சொல்லிட்டாங்க."

மறுமுனையில் சத்தமே இல்லை. அந்த மனிதரிடமிருந்து அவள் கேட்டறியாத நிசப்தம்.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் மேடம்" என்றது குரல், முதன்முறையாக மெதுவாக. "நல்லாத்தான் கேட்டுச்சு. இன்னொரு தடவை சொல்லுங்களேன்."