வெள்ளம் என்று எழுதிய மனு

மட்டாஞ்சேரியில் மாயம்மாளின் வீட்டை ஒட்டி ஓடும் கால்வாய் அந்தக் கோடையில் வேளைக்கொரு நிறம் காட்டியது. விடியலில் மூட்டத்துக்குள் இளஞ்சிவப்பாகக் கிடக்கும். வெயில் ஏறினால் மயில்கழுத்துப் பச்சை. யூதர் தெருவான ஜூ டவுன் பார்க்க வந்த வெள்ளைக்காரர்கள் நின்று படம் பிடித்துக்கொண்டு போனார்கள். கிணற்றுக்குக் குடத்தோடு வந்த மாயம்மாளுக்கும் கனவுக்குள் நிற்பதுபோலத்தான் இருந்தது. சாயப் பட்டறைக் கழிவு என்று தெரிந்த பிறகும் அதன் அழகு குறையவில்லை, அதுதான் கொடுமை.

எண்பத்து மூன்றில் மழை பொய்த்தது. கிணறு வற்ற வற்ற, கால்வாய் நீர் அதற்குள் ஊறியது. அதைக் குடித்த மாயம்மாளின் மகள் வீரலட்சுமி பத்து நாளாக ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

தோப்பும்படியில் இறால் உரிக்கும் பெண்களின் சங்கத்துக்கு மாயம்மாள்தான் செயலாளர். ஏழு நாட்டு அதிகாரிகள் வில்லிங்டன் தீவில் கூடி, கடலோர நீர்நிலைகளில் எந்தக் கழிவை விடலாம், எதை விடக்கூடாது என்று ஒப்பந்தம் எழுதப்போவதாகக் கேள்விப்பட்டாள். ஊர்ச் சங்கங்கள் மனுக் கொடுக்கலாம். மனு ஏற்கப்பட்டால் ஐந்து நிமிடம் பேசலாம். தனக்குத் தெரிந்த தமிழில் எழுதிக் கொடுத்தாள்: 'எங்கள் வெள்ளம் கெட்டுப்போச்சு. வெள்ளத்தால் பிள்ளைகள் சாகக் கிடக்கிறார்கள்.'

கூட்டத்தின் கடைசி நாள் காலையில் பதில் வந்தது. வெள்ளச் சேதம் இந்தக் கூட்டத்தில் சேராதாம். நிவாரண அலுவலகத்தை அணுக வேண்டுமாம். சொட்டு மழை இல்லாத ஊருக்கு வெள்ள நிவாரணம்! மற்ற பெண்கள் சிரித்தார்கள். மாயம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. மாலைக்குள் கையெழுத்தாகிவிட்டால் அப்புறம் யாரிடம் போய்ச் சொல்வது?

படகேறினாள். காயல் அசைவில்லாமல் பளபளத்தது. கப்பல்கள் அந்தரத்தில் மிதப்பதுபோல் தெரிந்தன. தான் போகிறோமா, தீவுதான் நகர்ந்து வருகிறதா என்று அவளுக்குப் புரியவில்லை.

மனுவை ஆங்கிலமாக்கியவர் அனந்தநாராயணன். சென்னையிலிருந்து வந்து பத்து நாள். கூட்டம் நடந்த ஓட்டலை விட்டு வெளியே எட்டிப் பார்க்காதவர். ஓட்டல் வாசலில் கடிதத்தைக் காட்டி, எந்த வெள்ளத்தைச் சொல்கிறீர்கள் என்று மாயம்மாள் அவரிடமே கேட்டாள்.

"நீங்கதானேம்மா வெள்ளம்னு எழுதியிருக்கீங்க?"

"குடிக்கிற வெள்ளம் சாரே. பன்னெண்டு வருசமா இந்த மலையாளத்து ஊர்ல வெள்ளம்னு கேட்டாத்தான் தண்ணி குடுக்குறாக. எனக்கும் அதே வாயில வந்துருச்சு."

குடிக்கிற தண்ணீரைப் பெருவெள்ளம் என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டது அனந்தநாராயணனுக்கு அப்போதுதான் விளங்கியது. பேசாமல் அவளைத் திருப்பி அனுப்பியிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. ஏழு நாட்டார் முன்னால் தன் தவறை ஒப்புக்கொள்வது என்றால் சும்மாவா? ஆனால் உரித்து உரித்துப் புண்ணான அந்த விரல்கள் கடிதத்தை நீட்டியபடியே இருந்தன. அவருக்கு வெட்கமாக இருந்தது. உள்ளே போய், மனுவைத் தப்பாக மொழிபெயர்த்தது தான்தான் என்று கூட்டத் தலைவரிடம் சொன்னார்.

ஐந்து நிமிடம் கிடைத்தது. மாயம்மாள் கிணற்றைப் பற்றியும் மகளைப் பற்றியும் சொன்னாள். என்ன செய்யலாம் என்று தலைவர் கேட்டார்.

"ஒங்க படிப்புக்கு ஏத்தாப்புல எழுதுங்க சாரே. எழுதுனத எங்க பாஷையில எங்களுக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்க. அதுக்கப்புறம் ஒப்பு போடுங்க."

அனந்தநாராயணன் உடனே ஆங்கிலத்துக்குத் தாவவில்லை. "ஒப்புன்னா என்னம்மா?" என்று கேட்டார். கையெழுத்து என்றாள். பிறகுதான் சொன்னார்.

கையெழுத்து மறுநாளைக்குத் தள்ளிப்போனது. ஒப்பந்தத்தை அந்தந்தக் கரையில் உள்ளவர்களுக்கு வாசித்துக் காட்டி, அவர்கள் சொல்வதையும் கேட்க வேண்டும் என்று ஒரு வரி புதிதாகச் சேர்ந்தது. இறால் உரிக்கிற பொம்பளைக்காக இத்தனை பேரைக் காக்க வைத்துவிட்டீரே என்று மேலதிகாரி கடிந்துகொண்டார்.

"சார், எனக்கு ரெண்டு பாஷை தெரியும், அவங்க குடிக்கிற தண்ணிக்கு என்ன பேருன்னு தெரியல," என்றார் அனந்தநாராயணன். "அதைக் குடிக்கிறவங்களை வெளியில நிறுத்திட்டு எழுதினா, ஏழு நாடு என்ன, உலகமே கூடி எழுதினாலும் தப்பாத்தான் எழுதுவோம்."